பாப்பாரப்பட்டியில் ஐந்து நாள்

முதல் நாள்

கும்பகோணத்தில் விடிவதற்கு முன்பே பேருந்து பிடித்து, சேலத்தில் வண்டி மாறி, தொப்பூர் கணவாயில் ஏறும்போது மணி பதினொன்றரை. தர்மபுரியில் இறங்கி டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஊரைச் சரியாகப் பார்க்க முடிந்தது. பங்குனி வெயிலில் வயல்கள் காய்ந்து கிடக்கின்றன. புளிய மரங்கள் மட்டும் கிளை கொள்ளாமல் காய்த்து நிற்கின்றன. ஒரு ஆள் மரத்தின் மேலே நின்று கழியால் உலுக்க, கீழே தார்ப்பாய் விரித்துப் பெண்கள் பொறுக்குகிறார்கள். எங்கள் வீட்டு ஜாடியில் இருக்கும் புளியும் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். மளிகைக் கடைக்காரர் "தர்மபுரி புளிம்மா, நல்ல புளி" என்று சொல்லித்தான் நிறுப்பார்.

என்னோடு பி.எட். படித்த தோழிக்குச் சொந்த ஊர் பாப்பாரப்பட்டி. படிப்பு முடிந்ததும் ஊருக்கே திரும்பி வந்து அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். பதினெட்டு வருஷமாக "ஒருதடவை வாயேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒகேனக்கல் அருவியில் குளித்து, பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் வந்தது அருவிக்காக இல்லை. அவள் போனில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போன சில மனிதர்களை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். முற்றத்தில் நீலப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சொம்பை விடப் போனேன். தோழியின் அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது போர் தண்ணி கண்ணு. பாத்திரம் கழுவுறதுக்கு. குடிக்க ஒகேனக்கல் தண்ணி உள்ள இருக்கு."

அடுப்படியில் எவர்சில்வர் குடம் ஒன்று தட்டு போட்டு மூடியிருந்தது. அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தண்ணீருக்கும் இந்த வீட்டில் இருக்கும் வித்தியாசம் எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை.

சாயங்காலம் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போனோம். பள்ளிக்கூடப் பாடத்தில் வ.உ.சி.யோடு சேர்த்து ஒரு வரியில் படித்த பெயர். பிறந்தது வத்தலக்குண்டில், 1884-இல். 1908-இல் வ.உ.சி.யோடு கைதாகிச் சிறைக்குப் போனவர், 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. அந்த உடம்போடு கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்த இடம் இந்தச் சின்ன ஊர். பாரத மாதாவுக்கு இங்கே ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23-இல், இதே பாப்பாரப்பட்டியில் சிவா காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான்.

தொழுநோய் என்றால் சொந்த வீட்டுக்காரர்களே வாசலில் நிறுத்திய காலம் அது. அப்படிப்பட்ட ஒருவரை இந்த ஊர் உள்ளே விட்டிருக்கிறது, தங்க இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு அவருடைய துணிச்சலைப் போலவே இந்த ஊர்க்காரர்களின் மனசும் பெரிதாகத் தோன்றியது. நினைவிடத்தின் நிழலில் நாலைந்து இளைஞர்கள் போட்டித் தேர்வுப் புத்தகங்களை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்றான். தோழியின் பழைய மாணவன்.

இரண்டாம் நாள்

புளி தட்டுகிற இடத்துக்குக் காலையிலேயே கூட்டிப் போனாள். பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் வாயில் தானாக நீர் ஊறுகிறது. முப்பது பெண்களுக்கு மேல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சரி, ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். ஒரு ஆயா தன் பக்கத்தில் சாக்கை விரித்து, "நின்னா கால் வலிக்கும், உக்காரு" என்றார். மதியம் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆயாவுக்கு எழுபது வயதிருக்கும். அவர் முன்னால் கைப்பிடி அளவு கல் ஒன்று, நடுவில் குழிந்திருக்கிறது. வலது கையில் சின்ன இரும்புச் சுத்தி. ஓடு நீக்கிய பழத்தை இடது கையால் கல்லின் மேல் வைத்து ஒரே தட்டு. பழம் வாய் பிளக்கும். கட்டை விரலால் ஒரு அழுத்து, கொட்டை தெறித்து வலது பக்கக் கூடையில் விழும். அடுத்த பழத்தை எடுக்கும்போதே சுண்டு விரல் நாரை இழுத்துப் போட்டுவிடுகிறது. நான் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். என் சுத்தி கொட்டையின் மேலேயே விழுந்து, கொட்டை உடைந்து சதையோடு ஒட்டிக்கொண்டது. ஆயா என் விரலைப் பிடித்து, "பழத்தோட முதுகுல தட்டணும், வயித்துல தட்டக் கூடாது" என்று காட்டிக் கொடுத்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பத்து நிமிஷத்தில் நகக்கண்ணில் புளி ஏறி எரிய ஆரம்பித்தது. இவர்கள் தை முடிந்ததும் உட்கார்ந்தால் சித்திரை வரை எழுந்திருப்பதில்லை. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்களாம். கூலி கிலோ கணக்கில்தான். கொட்டையும் வீணாகாது, மாவாக அரைத்து நெசவுக்குப் பசை போடப் போகிறது. தட்டிய புளி வெளியில் கிடந்தால் கறுத்துவிடும் என்பதால் குளிர்பதனக் கிடங்குக்கு ஏற்றுகிறார்கள். வருஷம் முழுக்க அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகிறது.

ஆயா நன்றாகப் பேசுகிறார். நன்றாகச் சிரிக்கவும் செய்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் முந்தானை வாய்க்குப் போய்விடுகிறது. பக்கத்தில் இருந்த பெண்களையும் கவனித்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பலரும் அப்படியேதான் சிரிக்கிறார்கள். முந்தானை சற்று விலகியபோது பார்த்தேன். பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை.

திரும்பி வரும் வழியில் தோழி சொன்னாள். இந்த மாவட்டத்துப் பாறையில் ஃப்ளோரைடு அதிகம். மழை குறைவு. கிணறு வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறு போட்டு, பாறையோடு பாறையாகக் கிடந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு போனால் குடிக்க ஆகாது. பல் முளைக்கிற வயதில் குழந்தை அதைக் குடித்தால் கறை பல்லுக்குள்ளேயே ஏறிவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் முட்டி, முதுகு, கழுத்து எல்லாம் இறுகிப்போகும். தண்ணீரைக் காய்ச்சினாலும் பயனில்லை. நீர் வற்றி ஃப்ளோரைடு இன்னும் கெட்டிப்படத்தான் செய்யும்.

காவிரி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஓடுகிறது. நான் பிறந்து வளர்ந்ததே அந்த ஆற்றின் கடைமடைப் பக்கம். மேலே, ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில், அதன் கரையோர மாவட்டத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைத் தண்ணீரைக் குடித்துப் பல்லைப் பறிகொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இந்த வயது வரை தெரியாது. அதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்துக் கட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். முதல் நாள் அந்த அம்மா ஏன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார் என்று இப்போது விளங்கியது.

இன்னொன்றும் சொன்னாள். புளி சாப்பிட்டால் உடம்பில் சேர்ந்த ஃப்ளோரைடு சிறுநீரில் கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களை வைத்துப் பார்த்து 2002-இல் எழுதியிருக்கிறார்களாம். மறுபடி கொட்டகைக்குப் போனபோது இதை ஆயாவிடம் சொன்னேன். கையிலிருந்த புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியா, இதுவா?" என்றவர், ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

மதியம் அவர் தூக்குவாளியில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். எனக்கும் ஒரு உருண்டை உருட்டிக் கொடுத்தார். களியை மெல்லக் கூடாது, கடைசலில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை சொன்னார். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-இல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு. ஆயா குழுவில் சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. முதல் கூட்டத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, ஒரு வாரம் அடுப்புக் கரியால் சுவரில் எழுதி எழுதித் தன் பெயரைக் கற்றுக்கொண்டாராம். "பேரு மட்டும்தான் எழுதுவேன். வேற ஒரு எழுத்தும் தெரியாது." சாக்கின் மேல் சிந்தியிருந்த புளித்தூளில் விரலால் எழுதிக் காட்டினார். ஐந்து எழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது விரலை ஒரு சுழற்று சுழற்றி அழுத்தினார்.

அந்தக் குழுக் கடனில் வாங்கிய கறவை மாட்டில் தொடங்கி மகனைப் படிக்க வைத்தார். மகன் லாரி ஓட்டுகிறார். பேத்தி இப்போது நர்சிங் முதல் வருஷம்.

மூன்றாம் நாள்

காலையில் தனியாகத் தர்மபுரிக்குப் போய் வந்தேன். கோட்டைக் கோயிலில் தொங்கும் தூண் பார்த்தேன். காகிதத்தை அடியில் விட்டு இழுக்க முடிகிறது. பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கூடுகளைக் குவித்து வைத்து, விவசாயிகள் பக்கத்திலேயே கவலையோடு நிற்கிறார்கள். புழு நான்கு தடவை தோலுரித்து, கூடு கட்டி முடிக்கிற வரை ராத்திரி பகல் பார்க்காமல் தழை போட்டு வளர்த்த உழைப்புக்கு, விலை அந்த ஐந்து நிமிஷத்தில் முடிவாகிறது. நின்று பேசலாம் என்றால் யாருக்கும் நேரமில்லை; எனக்கும் மனசு வரவில்லை.

அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அதியமான் ஆண்ட தகடூர் நாடு இது. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரார் கல் நட்டு, பேரும் ஊரும் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பல கல்லில் இருப்பவன் அரசன் இல்லை, ஊர்க்காரன். ஒரு கல்லில் வீரனின் காலடியில் நாய் ஒன்றும் நிற்பது போலத் தெரிந்தது. வெகு நேரம் அதன் முன்னாலேயே நின்றேன்.

சாயங்காலம்தான் நான் ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்த அண்ணனைப் பார்த்தேன். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். முன்பு பெங்களூரில் கட்டட வேலை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பெங்களூரிலோ திருப்பூரிலோதான் இருப்பார்கள். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடது கால் போனது. வேலைக்கு வைத்த மேஸ்திரி பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்து ஒரு வருஷம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உக்காந்து பாத்தா, சாயங்காலமான தெருவுல பிள்ளைங்க சும்மா சுத்திட்டு இருக்குதுங்க. அப்பா அம்மா பெங்களூரு. தாத்தா பாட்டிக்கு எழுத்து தெரியாது. யாரு உக்கார வைக்கிறது?"

அப்படித் தொடங்கியது. மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் ஆறரையிலிருந்து எட்டரை வரை. இன்றைக்கு இருபத்து மூன்று பிள்ளைகள். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். "எனக்குக் கணக்கு வராது டீச்சர். உக்கார வைக்கத் தெரியும்" என்றார். உண்மைதான். ஒன்பதாம் வகுப்புப் பெண் நான்காம் வகுப்புப் பையன்களுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் குறித்து வைத்து மறுநாள் தோழியிடம் கேட்கிறாள். அண்ணன் ஊன்றுகோலோடு சுற்றிச் சுற்றி வருகிறார். பல்பு வாங்கிப் போட்டது அவர். சுண்டல் அவர் வீட்டு அக்கா செய்து அனுப்புவது.

அவர் கையில் ஒரு நீள நோட்டு. வருகைப் பதிவு. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரு பிள்ளை வராவிட்டால் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார். மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போய்விடுவார். ஏழு வருஷத்து நோட்டுகளும் கடையில் சோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. மாநிலத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தபோது இங்கே 68.54 சதவீதம். தோழி இந்த எண்ணைச் சொல்லிவிட்டு, "எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த நோட்டு வராது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. ஆனால் அன்றும் எல்லாப் பிள்ளைகளும் வருமாம். பெங்களூரில் இருக்கும் அப்பா அம்மாக்கள் அண்ணனின் போனுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைக்குப் பிள்ளை வரிசையாகப் பேச வைக்கிறார். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். "சாப்டியான்னு அவங்க கேப்பாங்க. எப்ப வரேன்னு இதுங்க கேக்கும். வேற என்ன டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த பென்சில் ஒன்றைக் குனிந்து எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

நான்காம் நாள்

சிட்லிங்கிக்குப் போய் வர ஒரு நாள் முழுதும் ஆனது. தர்மபுரி, அரூர், கோட்டப்பட்டி என்று மாறி மாறிப் போக வேண்டும். கோட்டப்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. சித்தேரி மலை ஒருபுறம், கல்வராயன் மலை மறுபுறம், நடுவில் பச்சைப் பள்ளத்தாக்கு. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். லம்பாடிக் குடும்பங்களும் இருக்கின்றன.

1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் இங்கே வந்தபோது, அருகில் உள்ள மருத்துவமனை என்றால் அரூர்தான். ஐம்பது கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இரண்டு பேரும் காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பிரசவமும் அறுவை சிகிச்சையும் அதற்குள்ளேதான். அவர்கள் தொடங்கிய ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் இன்று நல்ல மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்துவிட்டது.

இதெல்லாம் நான் முன்பே படித்ததுதான். நேரில் பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. வெளியூரிலிருந்து நர்ஸ்களைக் கொண்டுவந்தால் தங்க மாட்டார்கள் என்று, பள்ளத்தாக்குப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படிப் படித்தவர்கள்தான் இன்று மருத்துவமனையைத் தாங்குகிறார்கள். வராந்தாவில் ஒரு நர்ஸ் அக்கா, மலையிலிருந்து இறங்கி வந்த கர்ப்பிணிப் பெண்ணிடம் அவர்கள் பேச்சிலேயே பேசிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை முதலில் கூட வந்த மாமியாரின் கையில் கட்டிக் காட்டி, அவர் பயம் தெளிந்து சிரித்த பிறகு மருமகளுக்குக் கட்டினார். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வைத்தியத்தோடு அவர்கள் நிற்கவில்லை. நோய்க்குக் காரணம் சாப்பாட்டிலும் வருமானத்திலும் இருக்கிறது என்று பார்த்து, இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது; சாமை, தினை, ராகி மறுபடி வயலுக்கு வந்தன. லம்பாடிப் பெண்களின் பூத்தையல் இரண்டு தலைமுறையாக நின்றுபோயிருந்தது. தையல் தெரிந்த பாட்டிகள் ஒருசிலரே மிஞ்சியிருந்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து இளம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டமைப்புக்குப் பெயர் போர்கை. லம்பாடிப் பேச்சில் பெருமை என்று பொருள். நான் ஒரு சின்னப் பை வாங்கினேன். அதன் ஓரத்தில் ஓடுகிற தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் போலவே அத்தனை சுத்தம். முடிச்சு எங்கே என்றே தெரியவில்லை.

திரும்பும்போது கடைசிப் பேருந்து நேரத்துக்கு முன்பே போய்விட்டது. தக்காளி ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர் எங்களை அரூர் வரை ஏற்றிக்கொண்டார். காசு வாங்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, பார்க்க வந்தோம் என்றோம். "என் ரெண்டு பொண்ணும் அங்கதான் பொறந்துச்சு" என்றார்.

ஐந்தாம் நாள், விடிந்த பிறகும்

நான் வந்த நேரம், பக்கத்துக் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. இன்று கடைசி இரவு, பதினெட்டாம் போர். விடிந்தால் படுகளம்.

எட்டு மணிக்கே ஒப்பனைக் கொட்டகைக்குத் தோழி கூட்டிப் போனாள். துரியோதனன் வேஷம் கட்டுகிற வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேல். பகலில் கல் உடைக்கிற வேலை. ஒரு கையில் உடைந்த கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு, முத்துவெள்ளையும் செந்தூரமும் குழைத்துத் தானே முகத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. அப்புறம் இரண்டு முட்டியையும் பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றினார். அதற்கு மேல் சலங்கை, புஜக்கட்டை, மார்புப் பதக்கம். கடைசியில் கிரீடத்தைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

"முட்டி மடங்காதும்மா. எங்க ஊர்த் தண்ணி அப்படி. ஆனா மத்தளம் அடிச்சான்னா மடங்கிரும்" என்றார்.

பத்து மணிக்கு, கூத்தைத் தொடங்கி வைக்கிற கட்டியங்காரன் வந்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னாலிருந்து துரியோதனன் பாடுகிற குரல் மட்டும் கேட்டது. முகவீணை கூடவே ஏறியது. திரை விலகியதும் அந்த மனிதர் சுற்றிச் சுழன்று ஆடியதைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். கொட்டகையில் எழுந்து நிற்கத் துணையின் தோளைப் பிடித்தவர் அவர். களம் முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்தவர்கள் பலர். பெட்டிக்கடை அண்ணன் ஓரத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தார்; அவரைச் சுற்றி அவருடைய பிள்ளைகள், இன்று தங்கள் அப்பா அம்மா மடியில்.

பின்பாட்டில் ஒரு பையன் பாடினான். பத்தாம் வகுப்பு, தோழியின் மாணவன், வாத்தியாரின் பேரன். பன்னிரண்டு மணிக்கு மேல் வாத்தியாருக்குத் தொண்டை கட்டியபோது, அவர் ஒரு கையை அசைத்தார். பேரன் அடியெடுத்துக் கொடுத்தான். அவர் ஆட, அவன் பாட, விடிகிற வரை அப்படியே போனது.

விடிந்ததும் எல்லோரும் ஊருக்கு வெளியே மேட்டுக்குப் போனோம். மண்ணால் செய்த துரியோதனன், வீட்டு நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான். பீமன் தொடையில் அடித்தான். திரௌபதி கூந்தலை முடிந்தாள். பெண்கள் துடைப்பத்தோடு அழுதார்கள், அடித்தார்கள். நானும் அழுதேன். எல்லாம் முடிந்த பிறகு கூட்டம் நெருங்கி, மண் உருவத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டது. வீட்டில் தானியத்தோடு வைத்தால் விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை.

கொட்டகை ஆயா அங்கே இருந்தார். லீவில் வந்த பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிரித்தபோது பார்த்தேன். பல் பளீரென்று வெள்ளை. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே ஆயா பக்கத்து ஊருக்கு நடந்து போய், ஃப்ளோரைடு இல்லாத கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் சுமந்து வந்து அவளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வரும்வரை, நான்கு வருஷம். இதை ஆயா என்னிடம் சொல்லவில்லை. பேத்திதான் சொன்னாள். "எங்க ஆயா அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சு நான் பாத்ததில்ல" என்றாள்.

"சும்மா இருடி" என்றார் ஆயா.

மதியம் பேருந்து. ஆயா பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். ஒரு துணிப்பையில் கொட்டை நீக்கிய புளி, உப்புப் போட்டு உருட்டியது. "ஜாடியில போட்டு வை, கண்ணாடியில வைக்காத." அப்புறம் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி அசைத்துப் பார்த்தார். பாதிதான் இருந்தது. மீதியைக் கீழே கொட்டிவிட்டு, கையோடு கொண்டுவந்த சொம்பிலிருந்து கழுத்து வரை நிரப்பி மூடியை இறுக்கித் திருகினார்.

"ஒகேனக்கல் தண்ணிதான் கண்ணு. உங்க ஊரு காவேரிதான். குடிச்சுட்டுப் போ."

தொப்பூர் தாண்டும்போது ஒரு வாய் குடித்தேன். இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது.